காணாமல் போன பாலம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி வீதியில் விசாரித்தால் எல்லாரும் கையை விரிப்பார்கள். ‘நிதானம்’ என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூட விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். வண்டி ஓட்டும் அழகுக்கு வந்த பெயர் அது. முன்னால் போகிற சைக்கிள்காரன் முதுகைச் சொறிந்தால்கூட, இவன் திரும்பினாலும் திரும்புவான் என்று அவர் கால் பிரேக்கைத் தேடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கை ஓய்ந்துபோவார்கள்.

“என்னண்ணே, வண்டியை ஓட்டுறீங்களா, தள்ளிக்கிட்டுப் போறீங்களா?” என்று டாக்ஸிக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

“பின்னால இருக்கிறது மூட்டை இல்லப்பா, பிள்ளைங்க. நீ போ ராசா, உனக்கு அவசரம்” என்று ஒதுங்கி வழிவிடுவார்.

தாய்மார்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. புதிதாகக் குடிவந்தவர்கள் எந்த வேனில் சேர்ப்பது என்று கேட்டால், “நிதானம் வண்டியில இடம் இருந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க” என்பார்கள். அதைக் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்தப் பேச்சுக்காகவே காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து சக்கரங்களைக் காலால் தட்டிப் பார்ப்பார். கண்ணாடியை யாராவது நூலளவு நகர்த்தியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த மனிதருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அது வீட்டாருக்கு மட்டும் தெரிந்தது. இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார முடியாது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் இறங்கிவிடுவார். கிடைத்தாலும் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போகும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உறவில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் சேர்ந்து காரில் போனபோது, ஓட்டியவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சாமான் வண்டி ஓட்டுகிறவன். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றுகிற சுழற்றலுக்கு ‘பம்பரம்’ என்று பெயர் வாங்கியவன். பாதி வழியில் நிதானம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார்.

“என்ன மாமா, வாந்தியா?”

“இல்ல. நீங்க போங்க. நான் நடந்து வரேன்.”

“கல்யாணம் முடிஞ்சு அவங்களுக்குப் பிள்ளை பிறந்ததும் வந்து சேருவீங்க. ஏறுங்க மாமா!”

ஏறவில்லை. வெயிலில் நடந்து, வியர்த்து, பந்தியின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. மீசை அரும்பிய வயதில் அவரும் அவருடைய அண்ணனும் ஒரு லாரியின் முன்பக்கத்தில் ஏறி வேலைக்குப் போனார்கள். பட்டப்பகல், நேரான சாலை, எதிரில் ஒரு வண்டி இல்லை. லாரி மெல்ல மெல்ல, யாரோ ஓரமாகக் கூப்பிட்டதுபோல், சாலையை விட்டு விலகி ஒரு மரத்தை நோக்கிப் போயிற்று. ஓட்டுநரின் கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தது. “அண்ணே, மரம்! மரம்ணே!” என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தியது நினைவிருக்கிறது. கையை நீட்டி ஸ்டியரிங்கை ஒரு திருப்புத் திருப்பியிருக்கலாம். ஒரு முழம் தூரம்தான். நீட்டவில்லை. அது அடுத்தவர் கையில் இருக்கும் சாமான், நாம் தொடலாமா என்று ஒரு தயக்கம். கதவோரம் உட்கார்ந்திருந்த அண்ணன் அதோடு போய்ச் சேர்ந்தான்.

அந்த ஓட்டுநர் பிறகு அவர் காலைப் பிடித்து அழுதார். “தூங்கல தம்பி. சத்தியமா தூங்கல. என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல.” நிதானம் அந்த ஆள் முகத்தில் காறித் துப்பினார். தூங்கியவன் தூங்கவில்லை என்றுதானே சொல்வான்.

அடுத்த மாதமே வண்டி பழகப் போனார். இனி நான் இருக்கும் வண்டியை நானே ஓட்டுவேன். என் கையில் இருந்தால் எதுவும் ஆகாது. பள்ளிக்கூட வேனுக்கு வந்து தலை நரைக்கும் வரைக்கும் அந்த எண்ணம் ஒருநாளும் பொய்த்ததில்லை. ஒரு கீறல்கூட விழாத வண்டி. அதனால் அது எண்ணமாக இல்லாமல் அவருக்கு உண்மையாகவே ஆகிவிட்டது.

பிறகு அந்தக் காலை வந்தது.

வேன் போகும் வழி பிள்ளைகளுக்கும் மனப்பாடம். சலவைக்கடை முக்கு, பெட்ரோல் பங்க், கால்வாய்ப் பாலம், மரக்கடை, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் பள்ளிக்கூடம். இதில் பாலம்தான் கெட்ட இடம். குறுகல். நடுவில் ஒட்டக முதுகுபோல் மேடு. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர், கீழே கறுப்புத் தண்ணீர். அங்கே வந்ததும் நிதானம் இரண்டாவது கியருக்கு இறங்கி, ஒரு ஹாரன் கொடுத்து, பூனை நடையில்தான் ஏறுவார்.

அன்று பெட்ரோல் பங்க் தாண்டும்போது துணி கருகுவதுபோல் ஒரு வாடை அடித்தது. வண்டியில் ஏதாவது தீய்கிறதோ என்று நினைத்தார். நினைத்தது அவ்வளவுதான். அடுத்துப் பார்த்தால் இடது பக்கம் மரக்கடை வந்துகொண்டிருந்தது. அறுத்து அடுக்கிய பலகைகள், மரத்தூள் குவியல், வாசலில் படுத்திருக்கும் நாய்.

பாலம் எங்கே?

பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கைதட்டின. “சூப்பர் அங்கிள்! வயிறு ஜிவ்வுன்னு ஆயிடுச்சு! நாளைக்கும் இப்படியே போங்க அங்கிள்!”

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெண்ணை எல்லாரும் ‘வேன் அக்கா’ என்பார்கள். அக்கா கூரையில் இடித்த தலையைத் தேய்த்துக்கொண்டே, “என்னண்ணே இது, உங்க மச்சான் உங்களுக்குள்ள புகுந்துட்டாரா? பாலத்துல பறக்குறீங்க!” என்றார்.

நிதானம் கியரைப் பார்த்தார். நான்காவதில் இருந்தது. அவர் மாற்றவே இல்லை. நினைவு மட்டும் தப்பியிருந்தால், பழகின கை தன்பாட்டில் மாற்றியிருக்கும். கையும் அங்கே இல்லை. அந்தக் குறுகிய பாலத்தில், அந்த முழங்கால் சுவருக்கு நடுவில், வண்டியை யாருமே ஓட்டவில்லை.

“சும்மாதாம்மா. பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்கல்ல” என்று சிரித்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கி முடியும்வரை அவர் இருக்கையை விட்டு எழவில்லை. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வேனின் முதலாளி வேறு ஆளைத் தேடுவார். அவசரத்துக்குக் கிடைக்கிற ஆள் பம்பரம்தான். போன தடவை இவருக்குக் காய்ச்சல் வந்தபோதும் அவன்தான் ஓட்டினான். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் டீ. அவன் கையில் இத்தனை பிள்ளைகளா? அதற்கு நானே பரவாயில்லை. எனக்கு ஒரே ஒரு தடவைதான். இனி கவனமாக இருந்தால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லும்போது அது பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையாகவே அவருக்குப் பட்டது.

கவனமாக இருக்கத் தொடங்கினார். விளக்கு வைத்ததும் சாப்பிட்டுப் படுத்தார். காலையில் பச்சைத் தண்ணீரில் தலையை முக்கினார். வாயில் ஒரு கிராம்பு. ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மழை அடித்துத் தோள் நனைந்தாலும் ஏற்றமாட்டார். மறுநாள் பாலம் அதன் இடத்தில் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஓ, கிராம்பு வேலை செய்கிறது! ஒருநாள் கிராம்பு டப்பாவை மறந்துவிட்டு வந்தவர், முதல் பிள்ளை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

“என்னண்ணே, பல்வலியா?” என்றார் வேன் அக்கா.

“ஆமாம்மா.”

“பிடுங்கிப் போடுங்க. எதுக்கு அதைப் போய்க் கொஞ்சிக்கிட்டு!”

பயம் கூடக்கூட விதிகளும் கூடின. வலது காலைத்தான் முதலில் வைத்து ஏறுவது. சாவியைப் போட்டதும் மூன்று மூச்சு. பெட்ரோல் பங்க்கிலிருந்து மரக்கடை வரை கண் சிமிட்டக்கூடாது. ஆனால் எதைச் செய்தாலும் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அப்படி ஒரு துண்டு காணாமல் போனால், போனது எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத் தடவையும் கியர் சாட்சி சொல்லுமா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வழியில் வரும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வது. சொல்லிவிட்டால், அதை நான் பார்த்தேன் என்று அர்த்தம். மறுநாள் காலை தனக்குள் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்: “சலவைக்கடை.”

பிள்ளைகளுக்கா காது கேட்காது? கடைசி வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னவள் இருந்தாள். எல்லாரும் அவளைப் ‘பொக்கை’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். அவள்தான் முதலில் எதிரொலித்தாள்.

“சலவைக்கடை!”

“பெட்ரோல் பங்க்” என்றார் நிதானம்.

“பெட்ரோல் பங்க்!” இந்தத் தடவை வண்டி முழுக்க.

இரண்டே நாளில் அது விளையாட்டாகிவிட்டது. அவர் சொல்ல வேண்டியது, அவர்கள் கத்த வேண்டியது. மரக்கடை நாயையும் சேர்த்துக்கொண்டார்கள். அது படுக்கையை மாற்றினால் அதையும் அறிவித்தார்கள். “இன்னிக்கு நாய் லீவு அங்கிள்!” என்று பொக்கை கத்தியபோது அவரும் வாய்விட்டுச் சிரித்தார். பயம் கொஞ்சம் விலகியதுபோல் இருந்தது. பாலம் ஒவ்வொரு நாளும் அவர் வாயில் வந்தது. ஒரு துண்டும் தவறவில்லை. இரண்டு வாரம் போல ஆனதும், ஜெயித்துவிட்டேன் என்றே முடிவு கட்டினார். என் உடம்பு, என் கட்டுப்பாட்டில் இல்லாமல் எங்கே போகும்?

ஒரு புதன்கிழமை. வானம் மூடியிருந்தது. கிராம்பு வாயில் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எல்லா விதியும் அதனதன் இடத்தில். “பெட்ரோல் பங்க்” என்றார். பிள்ளைகள் கத்தினார்கள். கருகல் வாடை அடித்தது.

பிறகு யாரோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். “அண்ணே! அண்ணே! இங்க பாருங்கண்ணே!” வேன் அக்காவின் குரல் கீச்சிட்டது. வண்டி மரக்கடையும் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நிதானம் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினார்.

“நீங்க பாலம் சொல்லவே இல்ல அங்கிள்” என்றாள் பொக்கை. குற்றம் சொல்லும் குரல். “நாங்க எவ்வளவு கத்தினோம். பாலம் பாலம்னு கத்தினோம். நீங்க வாயை மட்டும் மென்னுக்கிட்டே இருந்தீங்க.”

“மரக்கடையும் சொல்லல” என்றான் இன்னொருவன். “ஆட்டத்துல நீங்க அவுட்டு.”

பயத்துக்கு வேலியாக அவர் கட்டிய அந்த விளையாட்டே, அவர் இல்லாமல் போன நேரத்தை இத்தனை வாயால் எடுத்துச் சொன்னது.

வேன் அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குனிந்து பேசினார். “பாலத்துல ஒரு ஆளு கைவண்டி தள்ளிக்கிட்டு வந்தாருண்ணே. சுவத்துமேல ஏறிக் குதிச்சுத் தப்பிச்சுட்டாரு. கைவண்டி கண்ணாடியில உரசுச்சு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. தூங்கிட்டீங்களாண்ணே?”

“தூங்கலம்மா” என்றார். “சத்தியமா தூங்கல. என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் அவர் காதில் விழுந்தன. அவை அவருடையவை அல்ல. காலைப் பிடித்து அழுத ஒரு மனிதருடையவை. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க எவனைச் சபித்துக்கொண்டிருந்தாரோ அவனுடைய இருக்கையில்தான் இப்போது அவர் உட்கார்ந்திருந்தார். அன்று பக்கத்தில் இருந்தது ஓர் அண்ணன். இன்று பின்னால் வண்டி நிறையப் பிள்ளைகள்.

சாவியைப் பிடுங்கி அக்காவின் கையில் திணித்தார். “நான் கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சினாலும் குடுக்காதீங்க.” பிறகு கைபேசியை எடுத்தார். அழைக்க ஒருவன்தான் இருந்தான்.

பம்பரம் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். “என்ன மாமா, டயரா? அதுக்கா இந்த அலறல்?”

“வண்டியை நீ ஓட்டு. பிள்ளைங்களைக் கொண்டுபோய் விடணும்.”

“நானா?” அவன் சிரிக்கப் போனான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. “நீங்களா சொல்றீங்க?”

“கேள்வி கேக்காதே. டீ இருந்தா கீழ வச்சுட்டு ஏறு.”

நிதானம் முன்பக்கம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது என்று தெரியும். கடைசி வரிசையில், பைகளுக்கும் பொக்கைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். அங்கிருந்து சாலை தெரியவில்லை. பம்பரத்தின் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பிடித்தார். எதிரில் என்ன வருகிறது, அவன் பார்த்தானா, பிரேக்கில் கால் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் மோசம். திறந்தார்.

“அங்கிள், உங்களுக்குப் பயமா?” என்றாள் பொக்கை.

“ஆமாம்மா.”

“எனக்கும் ஊசின்னா பயம். கத்திடுங்க. கத்தினா கொஞ்சம் பரவாயில்ல.”

கத்தவில்லை. பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பம்பரம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. அதில் நிதானத்துக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் ஒன்றும் ஆகாததற்குத் தன் கைதான் காரணம் என்று நினைத்திருந்தார், அந்த நம்பிக்கையே இப்போது இல்லாமல் போயிருந்தது.

மருத்துவமனைக்கு மனைவியும் வந்தாள். மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பரிசோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “இதுவும் வலிப்புலதான் ஒரு வகை, ஐயா. கீழ விழுந்து கைகால் உதறினாத்தான் வலிப்புன்னு இல்ல. மூளையில ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்ச நேரம் நடக்கும். கண்ணு திறந்திருக்கும். வாய் மெல்லும். அந்த வாடைதான் முன்கூட்டி வர்ற அறிகுறி. வீட்டுல யாராவது பாத்திருக்கீங்களா?”

மனைவி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். “சாப்பிடும்போது சில நாள் தட்டையே பாத்துக்கிட்டு மெல்லுவாரு. கூப்பிட்டாலும் காதுல விழாது. என்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்.”

நிதானம் திடுக்கிட்டுத் திரும்பினார். “எத்தனை தடவை?”

“நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்? நீங்க கோவிச்சுக்காத நாளு எது, அதுல இது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் மருத்துவரைப் பார்த்தார். “நடுவுல இரண்டு வாரம் வரவே இல்லம்மா. கிராம்பு போட்டேன். ஜன்னலைத் திறந்து வச்சேன். சீக்கிரம் படுத்தேன். நின்னு போயிருந்துச்சு. நான் நிறுத்தி வச்சிருந்தேன்.”

“நீங்க நிறுத்தல ஐயா. அது வரல. அவ்வளவுதான்.”

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்தது.

“தூக்கம் நல்லது. அதை விடாதீங்க. மாத்திரை குடுக்கிறேன், ஒருவேளைகூடத் தவறக்கூடாது. ரொம்பப் பேருக்கு அடங்கிடும். ஆனா வராதுன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. அதனால வண்டி வேண்டாம். சைக்கிள்கூட வேண்டாம். நான் சரின்னு சொல்ற வரைக்கும்.”

“நான் பாத்துக்கிறேன்” என்றார் நிதானம். பழக்கத்தில் வந்த சொல்.

“நீங்க பாத்துக்க முடியாததுதான் இந்த வியாதியே.”

அதன்பிறகு ஒரு வாரம் வேனைப் பம்பரம் ஓட்டினான். வியாதி என்னவென்று முதலாளியிடம் மட்டும் சொல்லியாகியிருந்தது. நிதானம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ஏதாவது கருகினாலும் துள்ளி எழுந்தார். முகம் மழிக்கக் கத்தியை எடுத்துவிட்டு வைத்துவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, “நான் இப்ப இங்கதானே இருந்தேன்?” என்று மனைவியிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் “இங்கதான் இருந்தீங்க” என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூட வாசலில், வேன் பக்கத்தில் நின்றிருந்தார். பம்பரம் தன் சாமான் வண்டி வேலைக்குத் திரும்ப வேண்டும். இன்று மதியத்திலிருந்தே ஆள் இல்லை.

“மாத்திரை சாப்பிடறீங்கல்ல?”

“சாப்பிடறேங்க.”

“அப்புறம் என்ன? பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டிக் குடுங்க. இத்தனை வருஷமா ஒரு கீறல் உண்டா? உங்களைவிட எவன் ஒழுங்கா ஓட்டப் போறான்? விஷயம் வெளிய போக வேண்டாம். எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.” சாவியை நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை அதற்குள் வாங்கிவிட்டது. ஒரு வாரமாக அவரை விட்டுப் போயிருந்த கனம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சும்மா ஒருமுறை கிளப்பிப் பார்க்கலாமே, பம்பரம் எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறான் என்று. கண்ணாடியைச் சரிசெய்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

பயம் போய்விட்டது.

ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது, ஸ்டியரிங்கைத் தொட்டதும் இறங்கிப் போய்விட்டது. கை நடுக்கம் நின்றது. மூச்சு சீராக வந்தது. இனி ஒன்றும் ஆகாது, என் கையில்தானே இருக்கிறது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது. அதைக் கேட்டதும்தான் அவருக்கு உச்சி முதல் கால்வரை சிலிர்த்தது. பாலத்தில் கைவண்டிக்காரர் சுவரேறிக் குதித்த காலையிலும் இதே நிச்சயம்தான் இருந்தது. இந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை இந்தக் குரல் நிற்காது. நாளைக்கும் சாவியை யாராவது நீட்டுவார்கள். நாளைக்கும் இந்தக் கை வாங்கும். வலிப்பை நிறுத்த அவரால் முடியாது. இந்தக் கையையும் நிறுத்த முடியாது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அன்று ஆசிரியர்களைப் பார்க்கப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். வேன் பிள்ளைகளின் தாய்மார்கள் பேசிச் சிரித்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இவரைப் பார்த்துவிட்டு, “அப்பாடா! நீங்க வந்துட்டீங்களா! உங்க மச்சான் ஓட்டுறதைப் பாத்து எங்களுக்கு உயிரே இல்ல” என்றாள்.

நிதானம் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கால் தரையில் பட்டதும் பயம் பழையபடி வந்து கவ்விக்கொண்டது. முதலாளி கண்ணால் சைகை காட்டினார். நிதானம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும்.

“எனக்கு வலிப்பு இருக்கு” என்றார். குரல் கிறீச்சென்று வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். “வண்டி ஓட்டும்போதே வருது. கண்ணு திறந்திருக்கும், ஆனா நான் இருக்கமாட்டேன். இனிமே இந்த வண்டியில என்னை எந்த நாள் பாத்தாலும், பிள்ளைங்களை ஏத்தாதீங்க. சரியாப் போச்சுன்னு நான் சொன்னாலும் நம்பாதீங்க. என்னைப் பாக்கிற டாக்டர் வந்து சொன்னா மட்டும் நம்புங்க.”

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பொக்கையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தினமும் காலையில் அவருக்குச் சிரித்து வணக்கம் சொல்கிறவள்.

“எப்ப தெரியும்? மொத தடவை வந்ததுமே நிறுத்திட்டீங்கல்ல?”

ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த முகம் இளகிவிடும்.

“இல்லம்மா. மொத தடவை யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு அப்புறமும் ஓட்டினேன். பாலத்துல ஓட்டினேன். உங்க மகளும் இருந்தா.”

அவள் கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஓங்கிய கை மேலேயே நின்றது. பின்னால் யாரோ விசும்பினார்கள். யாரோ, “இவரைப் போய் நம்பினோமே” என்றார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போல் வேனை நோக்கி ஓடிவந்தார்கள். ஒவ்வொரு தாயும் பாய்ந்துபோய்த் தன் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். ஏன் இழுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

முந்திக்கொண்டு வந்த இரண்டு பேர் அதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நிதானம் வேன் கதவருகே போனார். சாவியைப் பொக்கையின் அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், கெட்டியாக, விரல் மடங்க. பிறகு அவர் உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கையை நீட்டி, “இறங்குங்க கண்ணுங்களா” என்றார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார். “என் கையைப் பிடிக்க வேண்டாம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க.”